தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு என்ன சொல்லித் தருவது? கல்லூரிகள் பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி நடத்த ஒரு முழு வழிகாட்டி

இத்தாலியில் மோடெனா என்று ஓர் ஊர். 1600களின் கடைசியில் அங்கே பெர்னார்டினோ ராமசினி என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்தவர் தலை நிமிராமல், அவசர அவசரமாக வேலை செய்துகொண்டிருந்தார். ஏன் இத்தனை அவசரம், கொஞ்சம் நிதானமாகச் செய்யலாமே என்று ராமசினி கேட்டார். இதற்குள் நெடுநேரம் இருந்தால் கண் போய்விடும் என்றார் அவர். பேராசிரியர் அதோடு விடவில்லை. அந்த வேலை செய்யும் மற்றவர்களின் கண்களையும் போய்ப் பார்த்தார். பிறகு குயவர், கண்ணாடி செய்பவர், சுரங்கத்தில் இறங்குபவர் என்று ஒவ்வொரு தொழிலாக விசாரித்து, 1700-இல் தொழில் நோய்களைப் பற்றி முழு நூலே எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.

பணியிடப் பாதுகாப்பில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். படித்தவர் குழியின் விளிம்பில் நின்று உள்ளே இருப்பவரிடம் கேட்கிறார். பாடத்திட்டமும் சான்றிதழும் அதற்கு அப்புறம்தான்.

நான் கொங்குப் பகுதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் தொழிலகப் பாதுகாப்பு சொல்லித் தருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கருத்தரங்க அறையில் சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தினோம். குளிர்சாதன அறை, திரையில் நூறு படங்கள், மதியம் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும்போது அழுகிய முட்டை வாசம் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், கொஞ்ச நேரத்துல வாசம் நின்னுபோயிருமுங்களே. அப்பக் காத்து நல்லாயிருச்சுன்னு அர்த்தங்களா?"

இல்லை. நேர் எதிர். அந்த வாசம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. ஒரு பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு) அளவுக்குக் கீழே இருக்கும்போதே மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவை எட்டும்போது மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. வாசம் நின்றது என்றால் காற்று சரியாகியிருக்கலாம், அல்லது ஆளைக் கொல்லும் அளவை நோக்கி ஏறிக்கொண்டிருக்கலாம். எது என்று மூக்கால் சொல்லவே முடியாது. பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்த விஷயத்தை நான் அவரிடம் அதுவரை சொல்லவில்லை. மூக்கை நம்பச் சொல்லியிருந்தேன். அவர் கேட்காமல் போயிருந்தால் அந்த அறையில் இருந்த எல்லோரும் தவறான பாடத்தோடும் என் கையெழுத்துப் போட்ட சான்றிதழோடும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கீழே இருப்பது அதற்குப் பிறகு நாங்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்டது. பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு நம் கல்லூரி ஏதாவது செய்யலாமே என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

கல்லூரி எதற்கு? சட்டம் எட்டாத இடத்துக்கு

தொழிற்சாலைகள் சட்டம் 1948 சாதாரணமாக 1000 பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2020 அந்த வரம்பை 500 பேருக்கும், ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில் 250 பேருக்கும் இறக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே தொகுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்கிறது. பழைய சட்டத்தில் அது 10 பேர்.

இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் நம் ஊர். கோவையில் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி உருவாக்கும் பவர் பிரஸ் பட்டறைகள், பெருந்துறையிலும் திருப்பூரிலும் உள்ள சாயப்பட்டறைகள், விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஷெட்டுகள். முப்பது பேர், அறுபது பேர், நூறு பேர். இங்கே தனியாகப் பாதுகாப்பு அதிகாரி கிடையாது. முதலாளிதான் மேலாளர், அவரேதான் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறவர். இவர்களுக்கு நாங்கள் ஒரு பாதுகாப்பு அதிகாரியைப் பகிர்ந்து கொடுப்பது போல நடந்துகொள்ள முடியும். கல்லூரியிடம் அளவெடுக்கும் கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது, வருடா வருடம் புது மாணவர்கள் வருகிறார்கள். அபராதம் போடும் அதிகாரம் இல்லை. அதனால் நம்மிடம் உண்மையைச் சொல்வார்கள்.

சட்டத்திலும் இதற்கு ஒரு பழைய வாசல் உண்டு. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஊரே மடிந்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது சேர்த்த 111அ பிரிவு, தொழிலாளிக்கு ஆலைக்குள்ளேயே பாதுகாப்புப் பயிற்சி பெறும் உரிமையையும், ஆலை தன் சார்பில் அவரை ஓர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் கொடுத்தது. பயிற்சியை முதலாளியின் தயவாகப் பார்க்காமல் தொழிலாளியின் உரிமையாகப் பார்க்க அந்தப் பிரிவு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதல் படி: உங்கள் வளாகத்தில் தொடங்குங்கள்

கல்லூரியும் ஒரு பணியிடம். இதை மறந்துவிட்டு வெளியே பாடம் நடத்தப் போகாதீர்கள்.

2008 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஷெரி சாங்கி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு லித்தியம் சேர்மத்தைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு கழன்றது. அவர் ஆய்வக அங்கி போட்டிருக்கவில்லை, உடுத்தியிருந்த ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள் கழித்து இறந்துபோனார். உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் நடந்தது இது. அந்த ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர் மீது குற்ற வழக்கே பதிவானது.

ஆகவே முதல் மாதம் முழுக்க உங்கள் வளாகத்தையே சுற்றுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் அமிலமும் கரைப்பானும் ஒரே அலமாரியில் இருக்கின்றனவா? அவசரக் குளியல் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, துரு வருகிறதா? தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா?

அப்புறம் மெஷின் ஷாப். முதலாம் ஆண்டு மாணவன் லேத்தில் நிற்கும்போது அவன் கையை மட்டும் பாருங்கள். சக்கில், அதாவது லேத்தின் சுழலும் பிடியில், வேலைத்துண்டை இறுக்குவான். இறுக்கிய சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு நண்பன் சொன்ன எதற்கோ திரும்புவான், திரும்பியபடியே சுவிட்சைத் தேடுவான். அந்தச் சாவி சுழன்று பறந்தால் எதிரே நிற்பவன் முகத்துக்கு வரும். எங்கள் ஷாப்பில் இப்போது சாவிக்கு என்று ஒரு தாங்கி இருக்கிறது. சாவி அதில் உட்கார்ந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். இதைச் செய்தது இறுதியாண்டு மாணவர்கள், ஒரு லிமிட் சுவிட்சை வைத்து. 'சாவியை மறக்காதே' என்று சுவரில் எழுதியிருந்த காலத்தில் எல்லோரும் மறந்தார்கள்.

வளாகத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டியது விடுதியின் கழிவுத்தொட்டி. அதை யார் சுத்தம் செய்கிறார்கள்? மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. லாரி வைத்து உறிஞ்சச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அடியில் தங்கும் சேற்றுக்கு என்ன செய்கிறார்கள் என்று மேஸ்திரியிடம் நேரில் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதிலால் அன்று மாலையே ஒப்பந்தத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருப்பவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மாவட்டம்தோறும் அதிகாரிகள் இருக்கிறார்கள். பட்டாசு என்றால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ. பாதுகாப்பு அதிகாரியாக விரும்புகிறவர்களுக்கான பட்டயப் படிப்பைச் சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துகிறது. திருச்சி என்ஐடியில் தொழிலகப் பாதுகாப்புப் பொறியியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறை, உப்பளம் போன்ற இடங்களில் வெயிலில் வேலை செய்பவர்களின் உடலையும் சிறுநீரகத்தையும் நேரில் போய் ஆராய்ந்திருக்கிறது. இவர்கள் செய்வதையே நீங்களும் செய்யத் தேவையில்லை. இவர்கள் வாசலுக்கு வராத சிறு பட்டறைக்குப் போங்கள்.

அமெரிக்காவில் இந்த இணைப்பை அரசே கட்டியிருக்கிறது. 1992 முதல் அவர்களின் தொழில் பாதுகாப்புத் துறை, பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் தன் பயிற்சி மையங்களாக நடத்துகிறது. சிறு நிறுவனத் தொழிலாளிகளுக்குப் பயிற்சி தர லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தனி நிதியும் கொடுக்கிறது. நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் நன்றாக இருக்கும். வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ஷெட்டில் போய் உட்காருங்கள்

பாடத்திட்டம் எழுதும் முன் வேலையைப் பார்க்க வேண்டும். ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தேநீர் குடித்து வருவது பார்ப்பது ஆகாது. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை குறைந்தது மூன்று தடவை பாருங்கள். அதில் ஒன்று இரவு ஷிப்டாக இருக்கட்டும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கை என்ன செய்கிறது, எங்கே அடிபடலாம், இதை ஏன் இப்படிச் செய்கிறார். மூன்றாவது பத்திதான் முக்கியம். அதை உங்களால் நிரப்ப முடியாது, அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு பவர் பிரஸ். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும்படி செய்திருந்தது. கை இரண்டும் பொத்தானில் இருந்தால் விரல் டைக்குள், அதாவது தகட்டை அழுத்தும் அச்சுக்குள், போகாது. நல்ல அமைப்பு. ஆனால் ஒரு பொத்தானின் மேல் சைக்கிள் டியூப் துண்டைக் கட்டி எப்போதும் அழுத்தியே வைத்திருந்தார் அந்த அண்ணன். அலட்சியம் என்று எழுதிவிட்டு வருவது சுலபம். கேட்டபோது விஷயம் வேறாக இருந்தது. தகடு டையில் சரியாக உட்காராமல் நழுவிக்கொண்டே இருந்தது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. பீஸ் கணக்கில் கூலி. ஆக, அங்கே தேவைப்பட்டது 'பொத்தானைக் கட்டாதீர்கள்' என்ற பாடமே இல்லை. தகடு நழுவாமல் நிற்க டையில் ஒரு சின்ன ஸ்டாப்பர். டூல் ரூம் ஆள் அதைச் செய்து கொடுத்தார். டியூபை அவரே அவிழ்த்துப் போட்டார்.

எதைப் பார்த்தாலும் இந்த வரிசையில் யோசியுங்கள்: ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, ஆபத்து குறைந்த வேறொன்றை வைக்க முடியுமா, மெஷினிலேயே தடுப்பு போட முடியுமா, வேலை முறையை மாற்ற முடியுமா. இதெல்லாம் முடியாதபோதுதான் கையுறையும் ஹெல்மெட்டும். நம் பயிற்சிகளில் பெரும்பாலானவை கடைசியிலிருந்து ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகின்றன.

அவர்கள் தூங்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளிகள் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், தூக்கத்திலேயே சேறு மூடியது. வேலை நேரத்தை மட்டும் ஆய்வு செய்பவர் கண்ணில் அந்தச் சுவர் பட்டிருக்காது.

நான்காம் படி: பாடம் எழுதுவது (தொட்டியை வைத்தே சொல்கிறேன்)

ஒரு வேலைக்கு ஒரு பாடம். 'பொதுப் பாதுகாப்பு விழிப்புணர்வு' என்ற தலைப்பை விட்டுவிடுங்கள். எங்கள் முதல் உருப்படியான பாடத்தின் பெயர் 'சாயக்கழிவுத் தொட்டியில் இறங்குவதற்கு முன்'. இரண்டு மணி நேரம்தான்.

முதல் பகுதி, எதனால் சாகிறார்கள். கழிவுச் சேற்றில் இருக்கும் பாக்டீரியா சல்பேட்டை உடைத்து ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகிறது. சேறு அசையாமல் கிடக்கும்வரை வாயு அதற்குள் அடைபட்டிருக்கும். மேலிருந்து பார்க்க எல்லாம் அமைதி. ஆள் இறங்கிக் காலால் மிதித்ததும், மண்வெட்டியால் வெட்டியதும் குபுக்கென்று கிளம்பும். காற்றைவிடக் கனமானது, ஆகவே குனிகிறவர் முகத்துக்கு நேராக நிற்கும். சல்பர் சாயத்துக்குப் பயன்படுத்திய சோடியம் சல்பைடு கழிவில் அமிலம் கலந்தாலும் இதே வாயுதான். இதோடு ஆக்சிஜன் குறைவதும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன். உள்ளே உங்கள் தம்பி மயங்கி விழுகிறான், நீங்கள் மேலே நிற்கிறீர்கள், என்ன செய்வீர்கள்? எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: குதிப்பேன். இதைத் திட்டக் கூடாது, மனுஷன் அப்படித்தான் இருப்பான். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் சொன்னது, இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோதும், செத்தவர்களில் தீயைப் பார்த்து உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் இருந்தார்கள். பாசத்துக்கு ஒரு வழி காட்டாமல் பயிற்சியை முடிக்கவே கூடாது. அந்த வழி, குதிக்காமலே இழுக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது.

இரண்டாம் பகுதி, கையில் செய்து பார்ப்பது. வளாகத்தில் இன்னும் தண்ணீர் விடாத புதுத் தொட்டி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அறுபது கிலோ மணலைச் சாக்கில் கட்டி உள்ளே வைத்தோம். அதுதான் மயங்கிய ஆள். இரண்டு திடகாத்திரமான இளைஞர்களைக் கூப்பிட்டு, கயிறு கொடுத்து மேலே நின்று தூக்கச் சொன்னோம். சாக்கு சுவரில் உரசி, மேன்ஹோல் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கை எரிந்தது, கயிறு வழுக்கியது. மூன்று நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை. பிறகு தொட்டி வாயில் முக்காலியும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் போட்டு, சாக்குக்கு ஹார்னஸ் என்னும் உடல் பட்டையை மாட்டி, ஐம்பது வயது அம்மா ஒருவரைக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னோம். சாக்கு நேராக, ஆடாமல் ஏறி வந்தது. அந்த அம்மா கைப்பிடியை விடவே இல்லை, இன்னொரு தடவை இறக்கி ஏற்றினார். முக்காலி ஏன் வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் பகுதி, மீட்டர். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு என்று நான்கையும் காட்டும் கையடக்கக் கேஸ் மீட்டர். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் தொட்டால் மீட்டர் அலறும்படி வைத்திருக்கிறோம். அளவு சரியாக இருந்தாலும் காற்றை உள்ளே ஊதும் பிளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மீட்டர் இறங்குகிறவர் நெஞ்சில் இருக்க வேண்டும். சேற்றைக் கிளறிய பிறகு காற்று வேறு காற்று. மேலே ஓர் ஆள் நகராமல் நிற்க வேண்டும், போன் வந்தாலும் போகக் கூடாது. மூக்கில் கட்டும் துணியும் தூசி மாஸ்க்கும் இங்கே ஒன்றுக்கும் உதவாது என்பதை மாஸ்க்கைக் கையில் பிடித்துக் காட்டியே சொல்லுங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் முதலாளியையும் உட்கார வைத்து ஒன்றே ஒன்றைக் கேட்போம்: ஆளே இறங்காமல் இந்தச் சேற்றை எடுக்க முடியாதா? சேறு கெட்டியாகும் முன் பம்ப் வைத்து எடுக்கலாம், அடிப்பக்கம் சரிவு வைத்துத் தொட்டியை மாற்றலாம். நாங்கள் போன இடங்களில் சிலர் மாற்றினார்கள். எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த பயிற்சிகள், அதன் பிறகு அந்தப் பயிற்சியே அங்கே தேவைப்படாமல் போனவைதான்.

ஐந்தாம் படி: யாருக்கு, எந்த மொழியில், எந்த நேரத்தில்

பாதுகாப்பு அதிகாரிக்கான விதிகளில் ஒரு நல்ல நிபந்தனை உண்டு. தொழிலாளிகளில் பெரும்பாலானவர் பேசும் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்குத் திருப்பூரிலும் திருப்பெரும்புதூரிலும் அந்த மொழி பல ஷெட்டுகளில் இந்தி, ஒடியா, வங்காளம். தமிழில் அழகாக எழுதிய போஸ்டர் அவர்களுக்கு வெறும் கோடு. கூகுளில் போட்டு மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள். அதே ஷெட்டில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பையன் கட்டாயம் இருப்பான். அவனை ஒரு நாள் முன்பே கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, பாடத்தை முழுக்கச் சொல்லிக்கொடுங்கள். மறுநாள் அவன்தான் ஆசிரியர், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒரு கூட்டத்துக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். நேரம் ஷிப்ட் தொடங்கியதும். முடியும் நேரத்தில் வைத்தால் காதில் விழாது, பஸ்தான் ஞாபகம் வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலாளியிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பீஸ் ரேட் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். காண்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிட்டுக் கம்பெனி ஆட்களை மட்டும் அனுப்புவார்கள். தொட்டியில் இறங்குவது காண்ட்ராக்ட் ஆள்தான், அவர் இல்லாமல் தொடங்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.

சூப்பர்வைசருக்குத் தனியாக ஒரு அமர்வு வைக்க வேண்டும். மேலிருந்து உற்பத்தி, கீழிருந்து முணுமுணுப்பு, நடுவில் அவர். 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்று முதலாளி முன்னிலையிலேயே கேளுங்கள். இருக்கிறது என்று முதலாளி வாயால் சொன்னால் போதும், அன்றைய பயிற்சியில் பாதி முடிந்தது.

மாணவர்களைக் கூட்டிப் போவதென்றால் காப்பீடு, ஷூ, கண்ணாடி இல்லாமல் ஒருவரும் ஷெட்டுக்குள் நுழையக் கூடாது. அவர்களுக்கு இதுதான் நிஜமான பாடம். நாளைக்கு இவர்களில் பலர் பட்டறை வைக்கப் போகிறவர்கள். சக் சாவிக்குத் தாங்கி இல்லாத லேத்தை வாங்க மறுக்கும் ஒரு முதலாளி, என் வகுப்பிலிருந்து போனால் அது பெரிய விஷயம்.

ஆறாம் படி: ரத்தம் வராத காயங்கள்

விரல் போனால் எல்லோருக்கும் தெரியும். காதும் நுரையீரலும் போவது தெரியாது. பழைய சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்கள் 29-ஐப் பட்டியலிட்டிருந்தது. அதில் ஒன்று பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிஸ். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல வருடம் வேலை செய்தவருக்கு வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாளில் குறையும். வருடங்கள் போகப் போகத்தான் எல்லா நாளும் அப்படியாகும். வெறுமனே 'இருமல்' என்று மருந்து வாங்கிக்கொண்டு போகிறவரிடம் 'லீவு முடிஞ்சு போற அன்னிக்கு அதிகமா இருக்குதுங்களா?' என்று கேட்க ஒரு மருத்துவ மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஆகவே பக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். எங்கள் மாணவர்கள் சத்தத்தையும் தூசியையும் அளப்பார்கள், அவர்கள் மாணவர்கள் காதையும் மூச்சையும் சோதிப்பார்கள். 1910 வாக்கில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஈய நஞ்சு பற்றி விசாரித்த ஆலிஸ் ஹாமில்டன், ஆலை மேலாளர் சொன்னதோடு நிற்கவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார், தொழிலாளிகளின் வீடுகளுக்குப் போனார். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நியமித்த முதல் பெண் ஆசிரியர் அவர்தான், தொழில் மருத்துவத்துக்காக. வேலையைவிட்டு நின்றுபோனவர்களை ஆலைக்குள் பார்க்க முடியாது. அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள்.

சோதனை முடிவு யாருடையது என்பதை முதல் நாளே தெளிவாக்கிவிடுங்கள். அது தொழிலாளியுடையது. யாருக்குக் காது மந்தம் என்ற பட்டியல் முதலாளி கைக்குப் போனால், அடுத்த வருடம் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள். ஆலைக்குக் கொடுக்க வேண்டியது எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் என்ற வரைபடம்.

ஏழாம் படி: மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. நாம் எல்லோரும் முதல் படியிலேயே, 'நிகழ்ச்சி எப்படி இருந்தது' என்ற தாளோடு நின்றுவிடுகிறோம். என் சான்றிதழ்களை இப்போது அன்றைக்கே கொடுப்பதில்லை. மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் ஷெட்டுக்குப் போய், வேலையைப் பார்த்த பிறகுதான்.

அங்கே போய் என்ன பார்ப்பது? கையைப் பாருங்கள். ஹார்னஸ் புதுசாக ஆணியில் தொங்குகிறதா, அழுக்காக இருக்கிறதா? அழுக்குதான் நல்ல செய்தி. தப்பிய விபத்துகளை எழுதும் நோட்டைப் பாருங்கள். பயிற்சிக்குப் பிறகு அதில் பதிவுகள் கூடியிருக்கும். முதலாளி பயந்து உங்களுக்குப் போன் செய்வார். கூடியது விபத்து அல்ல, சொல்லும் தைரியம் என்று அவருக்கு விளக்க வேண்டும். காலியான நோட்டைக் கண்டால் எனக்குத்தான் பயம் வருகிறது.

உயிருக்கே ஆபத்தான ஒன்றைப் பார்த்துவிட்டு, சொல்லியும் சரிசெய்யவில்லை என்றால்? முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: உடனடி உயிராபத்தைக் கண்டால் எழுத்தில் தருவோம், குறித்த நாளுக்குள் சரியாகாவிட்டால் இயக்ககத்துக்குத் தெரிவிப்போம். இதை ஏற்க மறுத்த இடங்கள் உண்டு. அங்கே நாங்கள் போகவில்லை. நம் கல்லூரிப் பெயர் போட்ட பேனரை மாட்டிக்கொண்டு உள்ளே அப்படியே நடத்துவதற்கு நாம் துணைபோகக் கூடாது.

கடைசியாக ஒரு சின்ன ஏற்பாடு. இதற்குச் செலவும் அதிகமில்லை, பலன் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்று நினைக்கிறேன். கேஸ் மீட்டர், முக்காலி, பிளோயர் ஆகியவற்றைச் சிறு பட்டறைகள் வாங்குவதில்லை. வருடத்தில் நாலு தடவை திறக்கும் தொட்டிக்கு எதற்கு என்பார்கள். நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போல நாங்கள் இவற்றை இரவல் கொடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் முன் சோதனை வாயுவைக் காட்டி மீட்டர் அலறுகிறதா என்று மாணவர்கள் பார்ப்பார்கள், ஒரு மாணவர் கூடவே போவார். வாடகை கிடையாது. ஒரே நிபந்தனை, எடுத்த அளவுகளைப் பதிவேட்டில் எழுதித் திருப்பித் தர வேண்டும்: தேதி, எந்தத் தொட்டி, மேல், நடு, அடி, இறங்கினார்களா.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "சார், நாளைக்குக் காலையில தொட்டி திறக்கறோமுங்க. மீட்டர் இருக்குதுங்களா?" அன்றைக்குக் கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேள்வி கேட்டவரின் குரல்தான், இப்போது வேறு பட்டறையில் சூப்பர்வைசர். மறுநாள் சாயங்காலம் பதிவேடு திரும்பி வந்தது. ஹைட்ரஜன் சல்பைடு மேல் 2, நடு 9, அடி 38 பிபிஎம். அதற்கு எதிரே கடைசிக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: 'இறங்கவில்லை'.